பன்னிரண்டாவது மாசம்

கார்த்திகை பிறந்து ஒரு வாரம் ஆனதும் எங்கள் வீட்டுக்காரர் செருப்பைக் கீழேயே விட்டுவிட்டு மாடி ஏறி வருவார். மற்ற மாதங்களில் செருப்போடுதான் வருவார், தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க. கார்த்திகையில் மட்டும் வெறுங்கால். கையில் மூடி போட்ட ஒரு கிண்ணம். போன வருடம் அதில் பொரிவிளங்காய் உருண்டை இருந்தது. அதற்கு முந்தின வருடம் வறுத்த முந்திரி. கிண்ணத்தைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிடும். பரண் மேலிருந்து பெட்டியை இறக்கத் தொடங்கிவிடுவேன்.

"எப்பவும் போலத்தான் சார். ஒரு மாசம். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க."

நான் இருபத்தெட்டு வருடம் வங்கியில் கடன் பிரிவில் உட்கார்ந்தவன். பதினோரு மாத வாடகை ஒப்பந்தம் ஏன் வந்தது என்று எனக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு வருடத்துக்கு மேல் என்றால் பதிவு செய்தாக வேண்டும் என்கிறது 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். அந்தச் செலவுக்குப் பயந்துதான் நாடே பதினோரு மாதம் எழுதியது. குடிவந்த புதிதில் இதை அவரிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அது மெட்ராஸுக்கு சார். இங்க பன்னெண்டாவது மாசம் டிசம்பர்." எடுத்துப் பார்த்தேன். எங்கள் ஒப்பந்தம் ஜனவரி 6இல் தொடங்கி டிசம்பர் 5இல் முடிகிறது.

விடாமல் அடுத்த சட்டத்தையும் எடுத்தேன். 2019 பிப்ரவரியிலிருந்து தமிழ்நாட்டில் நடப்பில் இருக்கும் வாடகைச் சட்டம், எத்தனை மாதமானாலும் எழுத்தில் போட்டுப் பதியச் சொல்கிறது. வேறு விதமாகப் பேசிக்கொள்ளாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது. "மூணு மாசம்தானே சார் நான் வாங்கினேன்?" என்றார். பத்து மாதம் வாங்கினீர்களே என்றேன். "மீதி ஏழு மாசம் நீங்க எனக்குக் குடுத்த கைமாத்து." அதன் பிறகு நான் அவரிடம் சட்டம் பேசுவதில்லை.

இவர் ஒரு ஆள் இல்லை, ஒரு இனம். சீசன் ஓனர் என்று பெயர் வைத்திருக்கிறேன். புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே வந்து, பெரிய முதலியார்சாவடியில் மேற்கே திரும்பி ஆரோவில் சாலையைப் பிடித்தால் குயிலாப்பாளையம். வானூர் வட்டம், விழுப்புரம் மாவட்டம். மளிகைக் கடையில் ஆலிவ் எண்ணெய் எப்போதும் இருக்கும், நல்லெண்ணெய் சில நாள் இருக்காது. இரண்டு வீட்டுக்கு ஒரு வீட்டு வாசலில் வாடகை ஸ்கூட்டர் நிற்கும். மூன்றாவது வீட்டில் மாடி ஏறிக்கொண்டிருக்கும். எந்த வீட்டின் உச்சியைப் பார்த்தாலும் தூண் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். அடுத்த சீசனுக்கு அடுத்த மாடி என்று பொருள்.

இந்த இனம் எப்படித் தோன்றியது என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1968 பிப்ரவரி 28ஆம் தேதி, இந்தச் செம்மண் மேட்டில் 124 நாடுகளின் பிரதிநிதிகள் தங்கள் தங்கள் ஊர் மண்ணைக் கொண்டுவந்து ஒரு தாழியில் போட்டு ஆரோவில்லைத் தொடங்கிவைத்தார்கள். எங்கள் வீட்டுக்காரரின் தாத்தா அப்போது அந்தப் பக்கம் ஆடு ஓட்டிக்கொண்டிருந்தாராம். "காசு குடுத்து மண்ணு வாங்கினானுவோ, அதுல கொண்டாந்து மண்ணையே கொட்றானுவோளே" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாராம். அந்தச் சிரிப்பில் நாலு ஏக்கர் முந்திரிக் கொல்லை போயிற்று. பேரன் இன்னும் சிரிக்கவில்லை.

ஆரோவில்லுக்குள் யாருக்கும் சொந்த வீடு கிடையாது. கைக்காசு போட்டுக் கட்டினாலும் வீடு ஆரோவில் பவுண்டேஷனுக்கு. 1988இல் நாடாளுமன்றம் அதற்கென்றே தனிச்சட்டம் போட்டது. குடியிருப்பவர் பார்த்துக்கொள்ளலாம், விற்க முடியாது, பிள்ளைக்கு எழுதிவைக்க முடியாது. சொத்தாசையை விட்டுவிட வேண்டும் என்பது அங்கே கொள்கை. அவர்கள் விட்ட ஆசை எங்கே போகும்? வேலியைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து, மூன்று மாடி கட்டி, "ரூம் ஃபார் ரென்ட்" என்று பலகை மாட்டிக்கொண்டது.

இன்னொன்றும் உண்டு. பிரெஞ்சுக் கட்டடக்கலைஞர் ரோஜர் ஆங்கர் விண்மீன் கூட்டம் மாதிரிச் சுருள் சுருளாக வரைந்த அந்த நகரம் 50,000 பேருக்கானது. அரை நூற்றாண்டு கழித்து அங்கே இருப்பவர்கள் 3,300 பேர் அளவில். மிச்சம் 46,700 பேர் வழியில் வந்துகொண்டிருக்கிறார்கள் என்பது சீசன் ஓனரின் அசைக்க முடியாத நம்பிக்கை. மனை புரோக்கர்கள் இந்த நம்பிக்கையில்தான் மூன்று தலைமுறையாகச் சோறு தின்கிறார்கள். ஆரோவில்லின் தியான மண்டபமான மாத்ரி மந்திரின் தங்கக் கோளம் போடாத ஒரு லே-அவுட் நோட்டீசை நான் இந்தப் பக்கம் பார்த்ததில்லை. "அம்பதாயிரம் பேர் வந்து எறங்கினா, வூடு எங்க சார் இருக்குது?" என்று எங்கள் வீட்டுக்காரர் கேட்கும்போது அவர் குரலில் ஒரு கவலையே தெரியும். ஏதோ அத்தனை பேருக்கும் அவர்தான் பாய் போட வேண்டும் என்பது மாதிரி.

அவருடைய காலண்டர் தனி. நவம்பர் 24, பிப்ரவரி 21, ஏப்ரல் 24, ஆகஸ்ட் 15, இந்த நான்கும் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் தரிசன நாட்கள். வங்காளத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பக்தர்கள் வந்து குவிவார்கள். புதுச்சேரி நிரம்பி வழிந்தால் வழிசல் நமக்கு. பிப்ரவரி 21 ஆசிரமத்தின் அன்னை பிறந்த நாள் என்பதை அங்கிருக்கும் பெரியவர்கள்கூட ஒருவேளை மறக்கலாம், இவர் மறக்கமாட்டார். பிப்ரவரி 28 விடியற்காலை ஆரோவில் பிறந்த நாளுக்குத் திறந்தவெளி அரங்கில் தீ மூட்டித் தியானம் செய்வார்கள். இவர் அந்த நெருப்பைப் பார்த்ததில்லை. அன்றைக்கு அதிகாலை நாலு மணிக்கு மூன்று அறைக்கும் வெந்நீர் போட்டுக்கொண்டிருப்பார். தம் கல்யாண நாளை மனைவியிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறவர், தங்கியிருக்கும் ஒவ்வொருவருடைய விசா முடிகிற தேதியையும் கேட்காமலே சொல்வார். வெளிநாட்டவர் வந்து தங்கினால் 24 மணி நேரத்துக்குள் படிவம் ஏற்ற வேண்டும் அல்லவா, அந்தப் பழக்கம்.

நடுவில் இருக்கும் மாதங்களை அவர் மாதமாகவே மதிப்பதில்லை. பங்குனி வெயில் சுள்ளென்று அடித்ததும் வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராக மூட்டை கட்டுவார்கள். அக்னி நட்சத்திரத்தில் தெருவில் நாயும் நானும்தான். அப்போது அவர் திண்ணையில் உட்கார்ந்து கனவு காண்பார். "ஊட்டியில ஒரு வூடு. ஏப்ரல், மே. குத்தாலத்துல ஒரு வூடு. ஜூன், ஜூலை, ஆகஸ்டு. இங்க நவம்பர்ல இருந்து மார்ச். செப்டம்பர், அக்டோபர் ரெண்டு மாசம்தான் சார் ஒதைக்குது." இரண்டு மாதத்தையும் நிரப்ப ஊர் கிடைத்ததும் என்னிடம்தான் முதலில் சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். ஒருமுறை பிரிட்டானியிலிருந்து வந்த ஒரு பிரெஞ்சுக்காரி, தன் அம்மா கடற்கரை வீட்டை ஜூலை ஆகஸ்டில் வாடகைக்கு விட்டு மீதி வருடம் பூட்டிவைப்பார் என்று சொல்லிவிட்டாள். மனிதர் பூரித்துப்போனார். "வெள்ளக்காரன் ஊர்லயும் நம்ம ஆளுங்க இருக்காங்க சார்!"

வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கீழே குடும்பம். முதல் மாடியில் இரண்டு "ஸ்டுடியோ". ஸ்டுடியோ என்றால் சமையலறைக்குக் கதவு இல்லை என்று அர்த்தம். அதில் ஒன்றில்தான் நான், மாதம் 9,000. மொட்டை மாடியில் கீற்று வேய்ந்த ஒரு அறை. அதன் பெயர் "ட்ரீ ஹவுஸ்". மரம் எங்கே என்று தேடினால், பக்கத்து வீட்டு முருங்கை ஒன்று எட்டிப் பார்க்கும். காக்கை உட்கார்ந்தால் கிளை முறியும்.

அந்தக் கீற்றுக்கு ஒரு கதை உண்டு. இவர் பிறந்து வளர்ந்தது கூரை வீட்டில். மழையில் ஒழுகி, வெயிலில் பற்றி, வருஷம் தவறாமல் கீற்று மாற்றக் கடன் வாங்கிய குடும்பம். 2010இல் கலைஞர் வீட்டுத் திட்டம் வந்தது; குடிசையைப் பிரித்து கான்கிரீட் போட அரசு காசு கொடுத்தது. அன்றைக்கு மச்சு போட்டதை ஊருக்கே பொங்கல் வைத்துக் கொண்டாடினார். அடுத்த சில வருடங்களில் சுற்றுலாக்காரர்கள் கேட்டார்கள்: கூரை வீடு இல்லையா? அவ்வளவுதான். கான்கிரீட்டின் தலைமேல் குடிசை ஏறிவிட்டது. குடிசையை இறக்க அரசாங்கம் கொடுத்த காசைவிட அதை மறுபடி ஏற்ற இவர் செலவழித்தது அதிகம். கீழே குடும்பம் 9,000 ரூபாய்கூடப் பெறாத மச்சு வீட்டில். மேலே இரவுக்கு 2,000 ரூபாய்க்குக் குடிசை.

எல்லாவற்றுக்கும் தனித்தனி விலை. ஏசிக்குத் தனி, கொசுவலைக்குத் தனி, சைக்கிளுக்குத் தனி. மின்வாரியம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வீட்டு இணைப்புக்கு 100 யூனிட் இலவசமாகக் கொடுக்கிறது. இவர் அந்த இலவசத்தை யூனிட் பத்து ரூபாய்க்கு விற்கிறார். என் தாத்தாவின் சாய்வு நாற்காலி ஒன்று இருக்கிறது, பிரம்பு பின்னியது, இடது கை கொஞ்சம் ஆடும். டிசம்பரில் அதைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது என்று அறையிலேயே விட்டுவிட்டுப் போவேன். இணையத்தில் இவர் அறைக்குப் போட்டிருக்கும் படத்தில் நடுநாயகமாக அதுதான் இருக்கிறது. கீழே, "பிரெஞ்சுக் காலத்து நாற்காலி". என் தாத்தா அதைத் திண்டிவனத்தில் ஒரு ஏலத்தில் எடுத்தார்.

இனி கணக்கு. சீசன் ஓனரின் கணக்கு கேட்பவர் நெஞ்சை அள்ளும். "ஒரு ரூம் நாளைக்கு ரெண்டாயிரம். வருஷத்துக்கு ஏழு லட்சத்து முப்பதாயிரம். மூணு ரூம் இருபத்தொண்ணு லட்சத்துத் தொண்ணூறாயிரம். லோன் இருபத்தஞ்சு லட்சம். ரெண்டே வருஷம் சார், முதல் கைக்கு வந்துடும்." டிசம்பர் 31ஆம் தேதி இரவை 365ஆல் பெருக்கும் இந்தக் கலையை நான் வங்கியில் மேசைக்கு எதிர்ப்பக்கம் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பெருக்குகிறவர்கள் எல்லோரும் நல்லவர்கள், அதுதான் சங்கடம்.

அவர் மனைவியிடம் ஒரு நோட்டு இருக்கிறது. பழைய பள்ளிக்கூட நோட்டு, பின்பக்கத்தில் பெண்ணின் வாய்ப்பாடு. ஒரு நாள் கூட்டிப் பார்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார். மற்ற இரண்டு அறையும் வருடம் முழுக்கச் சேர்த்து நிரம்பியது 120 இரவு. உச்சத்தில் 2,000, வெயிலில் 700, பேரம் பேசியது போகச் சராசரி 1,500. ஆக 1,80,000. என் அறை டிசம்பரில் 20 இரவு, 40,000. நான் பதினோரு மாதம் கொடுத்தது 99,000. மொத்தம் 3,19,000. இருபத்தைந்து லட்சத்துக்கு 9 சதவீத வட்டியில் பதினைந்து வருடத் தவணை மாதம் இருபத்தைந்தாயிரத்துச் சொச்சம். வருடத்துக்கு மூன்று லட்சத்து நாலாயிரம். மிச்சம் 15,000. அதில் கீற்று மாற்ற வேண்டும், மோட்டாருக்குக் காயில் கட்ட வேண்டும், இணையதளத்துக்குக் கமிஷன், உறை துவைக்கிற அம்மாவுக்குக் கூலி.

"பத்தலையேம்மா" என்றேன்.

"பத்தாது சார். வெயில் நாள்ல என் சம்பளத்துலதான் தவணை போவுது." அவர் ஆரோவில்லில் ஊதுபத்திப் பிரிவில் வேலை பார்க்கிறார். காலை எட்டரைக்கு சைக்கிளில் போனால் மாலை ஐந்துக்கு வாசனையோடு திரும்புவார். நோட்டை வாங்கிக்கொண்டு, "அவருகிட்ட சொல்லாதீங்க. வூடு கட்டி வூடு சம்பாரிக்குதுன்னு சொல்லிக்கினு இருக்காரு, சந்தோஷமா இருக்கட்டும்" என்றார்.

இதற்கு மேல் வானம் வேறு. சீசனும் புயலும் இந்தக் கரையில் ஒரே நேரத்தில் வருகின்றன. 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் கரை ஏறியது, புத்தாண்டுக்கு இரண்டு நாள் முன்னால். 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் வந்து நகராமல் உட்கார்ந்து கொட்டியது. ட்ரீ ஹவுஸின் கூரையை மறுநாள் பக்கத்துத் தெருவில் போய்ப் பொறுக்கினோம். முருங்கை அதற்கு முன்பே முறிந்திருந்தது. நடுவில் 2016 நவம்பர் 8, ஐந்நூறும் ஆயிரமும் செல்லாமல் போனது. சீசன் தொடங்கிய வாரம். ஏடிஎம் வாசலில் நின்றே பாதிப் பேருக்கு விடுமுறை தீர்ந்துபோயிற்று. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோதுதான் இவருக்கு ஒரு யோகம் அடித்தது. ஒரு இத்தாலிக்காரர் விமானம் கிடைக்காமல் ட்ரீ ஹவுஸில் மாட்டிக்கொண்டார். சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி என்று மனிதர் வாடகை கொடுத்துக்கொண்டே இருந்தார். வெயில் மாதங்களில் ட்ரீ ஹவுஸுக்கு விடாமல் வாடகை வந்தது இவர் சரித்திரத்தில் அந்த ஒரு முறைதான். "தங்கமான மனுஷன் சார்" என்று இன்னமும் சொல்வார். யாராவது மறுபடி கொரோனா வருமா என்று பேச்செடுத்தால் முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம் வந்து போகும். நல்லவர்தான், தெரியாமல் வருகிற வெளிச்சம்.

புயல்கூடப் பரவாயில்லை, வருடம் தவறாமல் வருவது மார்கழி. வெள்ளைக்காரர் தேடி வருவது அமைதி. விளம்பரத்திலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது, "அமைதியான கிராமத்துச் சூழல்". மார்கழி முதல் தேதி அதிகாலை நாலரைக்குக் கோயில் கூம்பு ஒலிபெருக்கியில் சீர்காழி கோவிந்தராஜன் தொடங்கி வைப்பார். அடுத்து இரண்டு மணி நேரம் தெருவில் எவரும் தியானம் செய்ய முடியாது, சாமியைத் தவிர. அந்த ஒலிபெருக்கியை வாங்கப் போன வருடம் வீடு வீடாக வசூலித்த கமிட்டியில் எங்கள் வீட்டுக்காரர்தான் பொருளாளர். கூம்பு எங்கள் வீட்டைப் பார்த்துத்தான் கட்டியிருக்கிறது, "நன்கொடை அதிகமா குடுத்தது நாமதானே சார்." இப்போது அறைக்கு இரண்டு ஜோடி பஞ்சு வைக்கிறார். இலவசம் என்று அவர் கொடுப்பது அது ஒன்றுதான்.

டிசம்பரில் என்னை அவர் அனுப்பும் இடம் மரக்காணம். அவருடைய சகலை வீடு. உப்பளத்தில் வேலை செய்கிறவர். உள்ளங்கால் சுண்ணாம்புச் சுவர் மாதிரி வெடித்திருக்கும், வாசல்படியில் கால் வைத்தால் உரசுகிற சத்தம் கேட்கும். அந்த ஒரு மாதம் அவருக்கும் வேலை இல்லை. பாத்திகள் மழைநீரில் முழுகிக் கிடக்கும். தை கழிந்து தண்ணீர் வடிந்து, பாத்தி மிதித்து, வெயில் ஏற ஏறத்தான் உப்பு. குயிலாப்பாளையத்தை விட்டு எல்லோரும் ஓடிப்போகிற சித்திரையில்தான் இங்கே வெள்ளை வெள்ளையாய்க் குவியும். எனக்கு ஒரு யோசனை வந்தது. சகலைகள் இருவரும் வருடத்தைப் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டு ஒரு குடும்பம் நடத்தினால் கணக்கு சரியாக வரும். சொன்னேன். "அவருகூடவா?" என்று மட்டும் கேட்டார் சகலை.

உப்பளத் தொழிலாளருக்கு மழை மாதங்களில் அரசு ரூ.5,000 நிவாரணம் தருகிறது. இது தெரிந்த நாளிலிருந்து குயிலாப்பாளையத்தில் ஒரு மனு தயாராகிக்கொண்டிருக்கிறது. வெயில்கால நிவாரணம், வாடகை வீட்டுக்காரர்களுக்கு. நான்தான் எழுதித்தர வேண்டும் என்கிறார். வங்கியில் இருந்தவன் கையெழுத்து நன்றாக இருக்குமாம்.

மரக்காணத்தில் எனக்குப் பொழுது நன்றாகவே போகும். காலையில் கழுவேலிப் பக்கம் நடப்பேன். 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவித்த நீர்நிலை. எங்கெங்கிருந்தோ வந்த கூட்டம் சேற்றில் கொத்திக்கொண்டு நிற்கும். அதுவும் சீசன் கூட்டம்தான். படிவம் கிடையாது, வாடகை கிடையாது, கூரை வீடு இல்லையா என்று கேட்பதும் கிடையாது.

போன மார்கழி எட்டாம் தேதி அங்கே நின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது.

"சார், நல்லா இருக்கீங்களா? அங்க மழையா?"

"தூறல்தான்."

"உங்க ரூம்ல இருந்த பிரான்ஸ்காரர் பூட்டாரு சார். ஏழு நாளா பஞ்சு வச்சிப் பாத்தாரு, முடியல. அமைதியா இருக்கும்னு வர்கலா போறாராம்." கொஞ்சம் நிறுத்தினார். "ரெண்டு ஸ்டார்தான் குடுத்தாரு."

"அப்படியா. அப்போ நான் வந்துடட்டுமா?"

மறுமுனையில் பேச்சில்லை. கிறிஸ்மஸ், புத்தாண்டு, தவணைத் தேதி எல்லாம் அந்த மௌனத்தில் வரிசையாகப் போவது எனக்குக் கேட்டது.

"வாங்க சார். உங்க வூடுதானே. ஆனா கிறிஸ்மஸ்ல இருந்து நியூ இயர் வரைக்கும் ரேட் ஓடுது, உங்களுக்கே தெரியும். வெளி ஆளுக்கு நாளைக்கு ரெண்டாயிரம். உங்களுக்கு ஆயிரத்து ஐந்நூறு."

பின்னாலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. என்ன சொன்னார் என்று புரியவில்லை, எந்தத் தொனியில் சொன்னார் என்பது புரிந்தது. போனைக் கையால் பொத்திக்கொண்டு ஏதோ பதில் சொன்னார். பொத்தியதை எடுத்தார்.

"ஆயிரத்து இருநூறு வச்சிக்கலாம் சார். அந்தச் சாய்வு நாற்காலி உங்களுதுதானே, அதுக்குத் தனியா ஒண்ணும் வாங்கமாட்டேன்."